நைவாஷா ஏரிக்குக் கொண்டுபோன புத்தகம்

ஓசூரில் ரோஜாப் பண்ணை வேலை பழகியவர்கள் கென்யாவுக்குப் போவது புதிதில்லை. அங்கேயும் ரோஜா. அங்கேயும் பிளாஸ்டிக் கூரை போட்டுச் செடி வளர்க்கிற பாலிஹவுஸ். சம்பளம் கூடுதல். நான் போய் வந்தது தெரிந்து, போகப்போகிறவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். உங்களிடம் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்ததாமே, அதை நம்பலாமா, கொடுப்பீர்களா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் வேலைக்குப் போகவில்லை. என் தம்பி வெங்கடேசன் அங்கே நைவாஷா என்ற ஊரில் ரோஜாப் பண்ணை சூப்பர்வைசர். கொரோனா வந்த வருசம் காய்ச்சலில் செத்துப்போனான். விமானம் ஓடவில்லை. உடல் வரவில்லை. ஏரிக்கரையில் ஓர் இடுகாட்டில் புதைத்துவிட்டு போனில் ஒரு போட்டோ அனுப்பினார்கள். மண்மேடு, சுற்றிக் கல், பெயர் எழுதிய பலகை, பின்னால் மஞ்சள் பட்டை மரங்கள். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் எரிப்பதில்லை. சொந்த நிலத்தில் புதைப்போம். வெளியே செத்தவனுக்கு, அவன் கிடக்கிற இடத்து மண்ணைக் கைப்பிடி கொண்டுவந்து அப்பன் பக்கத்தில் புதைத்துத்தான் காரியம் செய்ய வேண்டும். மண் வராததால் காரியம் நடக்கவில்லை. தம்பி மனைவி மஞ்சுளா தாலியைக் கழற்றவில்லை. கல்யாணத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. விதவைப் பென்சனுக்கும் அவள் எழுதிப் போடவில்லை. ஊர் பேசியது. அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மண்ணு வரட்டும் மாமா. என் கையால தொட்டுப் பாத்துட்டுக் கழட்டுறேன். போன்ல வந்த படத்த நம்பிக் கழட்ட மாட்டேன்."

நான் கம்பெனியில் இருந்து நின்றதும் பி.எஃப். பணம் வந்தது. கிளம்பினேன்.

தம்பி மகள் பவித்ரா பெங்களூரு நடைபாதைக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தாள். நாலைந்து கை மாறிய பழைய பதிப்பு. அட்டையில் யானை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் இறங்குகிற யானையைப் பார்த்தவனுக்கு அது பெரிய விசயம் இல்லை. எனக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். வேண்டிய பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்தாள். ஏரி வரைபடம் போட்ட பக்கத்தில் ஒரு சின்ன சிலுவைக் குறி. அதுதான் இடுகாடு. அதற்குப் பக்கத்தில் "அப்பா" என்று எழுதியிருந்தாள்.

வியாழன், காலை

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி எலக்ட்ரானிக் சிட்டியில் மாறினேன். அங்கிருந்து ஏர்போர்ட் பஸ். பெங்களூரு, பம்பாய், நைரோபி. பையில் இரண்டு உடுப்பு, புத்தகம், ஒரு சில்வர் டப்பா, மண் போட ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று.

விசா அங்கே இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே கிடைக்கும், ஐம்பது டாலர் என்று புத்தகத்தில் இருந்தது. அது பழைய கதை. இப்போது கிளம்பும் முன்பே கம்ப்யூட்டரில் அனுமதி வாங்க வேண்டும். ஓசூர் ஏஜென்ட் சொன்னதால் பிழைத்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவரிடம் அது இல்லை. பம்பாயிலேயே திருப்பிவிட்டார்கள். அவர் கையிலும் ஒரு புத்தகம் இருந்தது.

இது முதல் தப்பு. குறித்துக்கொள்ளவும்.

வியாழன், மாலை

நைரோபியில் இறங்கியதும் பையைத் திறக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் கவரை எடுத்து ஒரு தொட்டியில் போட்டார்கள். அந்த நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. புத்தகத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. எதற்கு இந்தக் கவர் என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டாள். மண் கொண்டுபோக என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. எனக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தெரியும். எங்கள் ஊரில் கடையில் மிளகாய் வாங்கவே மூன்றும் வேண்டும். அங்கே மூன்றும் ஒன்றுக்கும் உதவவில்லை. டப்பா இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெளியே முனிராஜ் நின்றிருந்தான். தேன்கனிக்கோட்டைப் பையன், முப்பது வயது இருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் வேறொரு பண்ணையில் வேலை. வந்து ஒரு வருசம்தான். தம்பியைப் பார்த்ததில்லை. ஊர்க்காரன் என்று சொன்னதும் லீவு போட்டு வந்திருந்தான்.

"வாங்ண்ணா. குளிருதா?"

"புத்தகத்துல போட்டிருந்துச்சு. ஸ்வெட்டர் கொண்டாந்தேன்."

"பரவால்ல, அது ஒண்ணாவது சரியா போட்டிருக்கான்."

புத்தகத்தில் இருந்த லாட்ஜுக்குப் போனோம். அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. கடைக்காரர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்த பழைய தெருப் படத்தைத் தன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் அப்பா வேலை பார்த்த ஓட்டலாம் அது. வேறு இடத்தில் ரூம் எடுத்தோம், ஆயிரத்து ஐந்நூறு ஷில்லிங். ஒரு ஷில்லிங் நம் காசில் அறுபத்தைந்து பைசாவுக்குக் கொஞ்சம் மேலே.

வெள்ளி, காலை

நைரோபியில் இருந்து நைவாஷா தொண்ணூறு கிலோமீட்டர். ஓசூரில் இருந்து தர்மபுரி போகிற தூரம். போகிற வண்டிக்குப் பெயர் மட்டாட்டு. நம் ஊர் ஷேர் வேன் மாதிரி. பாட்டுச் சத்தத்தில் காது போய்விடும் என்று புத்தகம் எச்சரிக்கிறது. அது நிஜம். கட்டணம் இருநூறு என்று இருந்தது. கண்டக்டர் ஐந்நூறு கேட்டான். நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவன் முனிராஜிடம் ஏதோ சொன்னான். வண்டியே சிரித்தது.

"என்னப்பா சொல்றான்?"

"இந்த வெலைக்குப் போகணும்னா அந்த வருசத்துக்குப் போயி ஏறிக்கச் சொல்றாண்ணா."

ஐந்நூறு கொடுத்தேன்.

வழியில் ஓர் இடத்தில் பூமி கீழே இறங்குகிறது. பார்க்கிற தூரம் வரை பள்ளத்தாக்கு. வண்டியை நிறுத்தினார்கள். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அந்த இடத்தைப் புத்தகம் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. மேடும் பள்ளமும் எங்கே போகும்? தம்பி முதல் முதலாக வந்தபோது இங்கேதான் இறங்கி நின்றான். ஊருக்குப் போன் போட்டு, "அண்ணா, கிருஷ்ணகிரி மலை மேல நின்னா தெரியற மாதிரி இல்லண்ணா, இது வேற" என்றான். நான் அப்போது ஷிப்டில் இருந்தேன். சரி வை, அப்புறம் பேசுறேன் என்றேன்.

ரோட்டு ஓரத்தில் வரிக்குதிரை மேய்ந்தது. மாடு மாதிரி.

வெள்ளி, பதினோரு மணி

நைவாஷாவில் இறங்கி ஏரிக்கரை ரோட்டில் வேறு வண்டி பிடித்தோம். இரண்டு பக்கமும் பாலிஹவுஸ். வெள்ளை வெள்ளையாக, கண்ணுக்கு எட்டுகிற வரை. எங்கள் ஊர்ப் பாகலூர் ரோட்டில் போவது போலவே இருந்தது. பெண்கள் கூட்டமாக ஷிப்ட் விட்டு வந்தார்கள். மஞ்சுளாவும் ரோஜா பேக்கிங்கில்தான் இருக்கிறாள். கையில் அதே முள் கீறல்.

புத்தகம் சொன்ன வழி இது. ரோட்டில் இருந்து இடப்பக்கம் ஒரு கூடாரம் போடும் இடம் வரும். அங்கே டீ கிடைக்கும். அதைத் தாண்டித் தெற்கே நடந்தால் இடுகாடு. அதற்கும் அப்பால் ஏரி. கரைக்குப் போகிற பாதை பொதுப்பாதை, காசு இல்லை.

இடப்பக்கம் திரும்பினோம். பாதை தண்ணீருக்குள் போனது.

நான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பக்கத்தைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தேன்.

"ஏரி ஏறிக்கிச்சுண்ணா" என்றான் முனிராஜ். "நாலஞ்சு வருசமா ஏறிக்கினே இருக்குதுன்னு சொல்வாங்க. எங்க பக்கம் ஒரு வரிசை பாலிஹவுசே போச்சு. இந்த எடம் இப்படின்னு எனக்குத் தெரியாதுண்ணா. சத்தியமா தெரியாது."

"இடுகாடு?"

"போய்ப் பாக்கலாம் வாங்க."

ஏரிக்குப் போக இப்போது ஒரு ஓட்டல் கேட்டைத் தாண்ட வேண்டும். செக்யூரிட்டி எங்கள் பெயரை எழுதிக்கொண்டு ஆளுக்கு நானூறு ஷில்லிங் வாங்கினான். எனக்கு இது பழக்கம்தான். ஓசூரில் கெலவரப்பள்ளி பக்கம் எங்கள் நிலம் இருந்தது. கம்பெனி வந்தது. நிலம் போனது. அப்பா சமாதி இப்போது காம்பவுண்டுக்குள் இருக்கிறது. அமாவாசைக்குக் கற்பூரம் ஏற்ற வேண்டும் என்றால் கேட்டில் கையெழுத்துப் போட்டு, செல்போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கிளம்பும் முன்பு செக்யூரிட்டியிடம் கேட்டு, அப்பா பக்கத்தில் ஒரு முழக் குழி வெட்டி, மேலே ஓடு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். தம்பி மண்ணுக்கு.

படகுக்காரர் பெயர் பீட்டர். சுற்றுலாக்காரர்களுக்கு நீர்யானை காட்டுகிறவர். நான் போனில் தம்பியின் மண்மேட்டுப் போட்டோவைக் காட்டினேன். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். காசு பேசவில்லை. படகில் ஏறச் சொன்னார்.

தண்ணீரில் ஒரு சிவப்புத் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. அதுதான் டீ கிடைக்கும் இடம். கூரை மேல் ஆள் உயரப் பறவை ஒன்று நின்றது. அதைத் தாண்டி மரங்கள். செத்த மரங்கள். பறவை எச்சத்தில் வெளுத்து நின்றன. போட்டோவில் மஞ்சளாக இருந்தவை.

பீட்டர் மோட்டாரை நிறுத்தினார். கையைக் கீழே காட்டினார். அவர் சொன்னதை முனிராஜ் மெதுவாகச் சொன்னான்.

"இங்கதானாம்ண்ணா. வரிசையா இருந்துச்சாம். இவரோட கொழந்த ஒண்ணும் இங்கதானாம். தெனமும் டூரிஸ்ட்டுங்கள ஏத்திக்கினு இது மேலதான் போறாராம்."

பீட்டர் மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் விட்டார். முழுக் கழியும் உள்ளே போய், அவர் கை நனைந்தது. தரை தட்டவில்லை.

முனிராஜ் பண்ணையில் இருந்து ஒரு கட்டு ரோஜா கொண்டுவந்திருந்தான். காம்பு வளைந்ததால் ஏற்றுமதியில் கழித்தது. பிரித்துப் போட்டோம். பூ மூழ்கவில்லை. படகைச் சுற்றியே நின்றது. தூரத்தில் நீர்யானை மூச்சு விட்டது. கிட்டே போகாதீர்கள் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அது சரி.

நான் அழவில்லை. எதைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீராக இருந்தது.

கரைக்கு வந்தோம். ஈர மண் கறுப்பாக இருந்தது. மஞ்சுளா சொன்னதை வழியிலேயே முனிராஜிடம் சொல்லியிருந்தேன். அவன் குனிந்து ஒரு கை அள்ளினான்.

"அண்ணா, டப்பாவக் குடுங்க. இதையே எடுத்துக்கினு போங்க. எந்த மண்ணா இருந்தா இன்னா, ஏரி ஒண்ணுதான? அண்ணி பாவம். எத்தன வருசம்ண்ணா இப்படியே குந்தினு இருப்பாங்க?"

அவன் சொன்னது நியாயம். டப்பாவைத் திறந்து நீட்டினேன். போட்டான். மூடினேன். ரோடு வரைக்கும் வந்தேன். டப்பா கனமாக இருந்தது. மஞ்சுளா அதைத் திறப்பாள். தொட்டுப் பார்ப்பாள். இது அவரு மேல இருந்த மண்ணா மாமா என்று கேட்பாள். நான் ஆமாம் என்பேன். அவள் கழற்றுவாள். ஓட்டல்காரன் தோட்டத்து ஓரச் சேறு அது.

புத்தகம் எழுதியவன் என்னைப் போகாத ஊருக்கு வழி சொல்லி அனுப்பினான். அவனையாவது மன்னிக்கலாம். அவன் எழுதிய அன்று அங்கே தரை இருந்தது. நான் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன்.

ரோட்டோரத்தில் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். முனிராஜ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மறுபடி ஒருக்கா வர முடியுமாண்ணா உங்களால?"

"முடியாது."

"அப்புறம்?"

நடந்தேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

ஞாயிறு

திரும்பி வந்தேன். சூளகிரி பக்கத்துத் தொழிற்சாலை வண்டிகள் ஷிப்ட் ஆட்களுக்காக வரிசையாக நிற்கிற மதிய நேரத்தில் ஓசூரில் இறங்கினேன். நேராக மஞ்சுளா வீட்டுக்குப் போனேன். அவள் காலை ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். பவித்ராவும் இருந்தாள். டப்பாவை மேசை மேல் வைத்தேன். மஞ்சுளா கையைக் கழுவிக்கொண்டு வந்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். அதிகம் சொல்லவில்லை. கரை மண்ணை எடுத்துக் கொட்டியதையும் சொன்னேன். பவித்ரா உள்ளே போய்விட்டாள். மஞ்சுளா அழவில்லை. அந்த புக்கக் குடுங்க மாமா என்றாள். ஏரிப் பக்கத்தை அவளாகவே கண்டுபிடித்தாள். அதுதான் அழுக்காகி இருந்தது.

"நீலமா இருக்குறது ஏரியா மாமா?"

"ஆமா."

"இந்தப் பச்சை?"

"தரை."

பென்சிலில் "அப்பா" என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள். விரலுக்குக் கீழே பச்சைதான் இருந்தது.

"புக்குல தரையாத்தான இருக்குது" என்றாள்.

புத்தகத்தை மூடி, சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்து, பீரோவில் தம்பி சட்டைகள் இருக்கிற தட்டில் வைத்துப் பூட்டினாள். கழுத்தில் தாலி அப்படியே இருந்தது.

கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் இது. விசா, கட்டணம், லாட்ஜ் பெயர், இவற்றுக்கு அந்தப் புத்தகத்தை நம்ப வேண்டாம். குளிர், மலை, நீர்யானை சரி. ஏரிக்கரையில் எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கே இருக்கிற ஆளிடம் கேட்டுவிட்டுப் போங்கள். புத்தகம் என்னிடம் இல்லை. அவளிடம் போய்க் கேட்க வேண்டாம்.

போன அமாவாசைக்கு அப்பா சமாதிக்குப் போனேன். கேட்டில் கையெழுத்துப் போட்டேன். தம்பி மண்ணுக்கு வெட்டிய குழி மேல் வைத்த ஓடு ஒரு பக்கம் சரிந்து, மழைத் தண்ணீர் நின்றிருந்தது. யாராவது காலை விட்டுடுவாங்க, மண்ணப் போட்டு மூடிடட்டுமா என்று செக்யூரிட்டி கேட்டார்.

தண்ணீரைக் கையால் இறைத்துவிட்டு, சரிந்த ஓட்டை நேராக வைத்துவிட்டு வந்தேன்.