சப்பாத்துத் துடைக்கிறவன்

சுனாமிக்குப் பிறகு மருதமுனையில் வீட்டுத் திட்டம் கட்ட ஹொங்கொங்கிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். பெயர் லாவ். அவர் பேசும் இங்கிலீசைத் தமிழாக்குவது என் வேலை. முதல் நாள் அவர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஸ்டோர் கீப்பர் றசீக் குடையோடு ஓடிவந்தான். லாவ் என் பக்கம் குனிந்து "சாட்ஹாய் சாய்" என்றார். கந்தோனீஸ் மொழியில் சப்பாத்துத் துடைக்கும், காலணி மினுக்கும் பொடியன் என்று அர்த்தமாம். முகஸ்துதி செய்கிறவனை அப்படித்தான் ஏசுவார்களாம். "தொக் தாய் கியோக்" என்றும் ஒன்று உண்டு, பெரியவரின் காலைத் தாங்கிப் பிடிப்பது. நாங்கள் பந்தம் பிடிக்கிறவன் என்போம் என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றிலிருந்து சைட் முழுக்க றசீக்குக்குச் சப்பாத்துத் துடைக்கிறவன் என்றுதான் பெயர். அவன் அசரவில்லை. லாவுக்கு வட்டிலப்பம் என்ற இனிப்புக் கொண்டுவருவான். "சேர்ர கை பட்டா மண்ணும் பொன்னாகும்" என்பான். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். இப்படியும் ஒரு மனுசனா என்று எரிச்சல் வரும்.

வீடுகளுக்குப் பெயர் பதியும் நேரம் வந்தபோது, அக்கா மகளுக்காக, அண்ணன் முறை சொல்லி என் கையைப் பிடித்தான்.

"காக்கா, சேரிட்ட எனக்காக ஒருக்கா கதைங்க. என்ட ராத்தாவக் கடல் கொண்டு போயிட்டு. மச்சான் வேற கலியாணம் முடிச்சிட்டாரு. வீட்ட அவர்ர பேருக்கு எழுதினா ராத்தாட மகளுக்கு ஒண்டுமில்ல."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வீடு இல்லாத பிள்ளைக்குக் கலியாணம் பேச யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். திட்டத்தின் விதியோ குடும்பத் தலைவர் பெயருக்கு என்றது. அதை மாற்ற லாவ் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை குடையும் வட்டிலப்பமும்.

அவன் சொன்னதை நான் லாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "சப்பாத்துத் துடைத்தவன் கூலி கேட்கிறான், பார்" என்று லாவ் சிரித்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. றசீக்குக்கு விளங்கிவிட்டது. வீடு மச்சானின் பெயருக்கே போனது.

யுத்தம் முடிந்த பிறகு கல்முனையில் ஒரு வீதித் திறப்பு விழா. அமைச்சரின் தலைக்கு மேல் குடை பிடித்து நின்றான் றசீக். தலை நரைத்திருந்தது. "பாரு, பந்தம் பிடிக்கிறத" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். விழா முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"இன்னுமா றசீக்?"

"ஓம் காக்கா. புதுசா வீட்டுத் திட்டமொண்டு வருதாம். ராத்தாட புள்ளைக்கு வயசு போகுதே."

மொழிபெயர்ப்பு வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவன் குனிவதைக் கண்டால், எதற்காகக் குனிகிறான் என்று முதலில் கேளுங்கள். லாவுக்கு முதல் நாளே பந்தம் பிடிப்பதைச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.