நான் துடைத்த கதவு

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் படித்த காலத்தில், மாணவர் விடுதியில் என் பக்கத்து அறையில் இருந்தவள் ஒரு யூதப் பெண். சிறு வயதில் உக்ரைனிலிருந்து குடும்பத்தோடு வந்தவள். என் கத்தரிக்காய்க் குழம்பைப் பாணோடு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உறைப்புப் போதாது என்று நக்கலடிப்பாள்.

ஒரு காலை அவள் கதவில் கறுப்பு மையால் ஹிட்லரின் நாசிச் சின்னம் கீறியிருந்தது. கீழே, ‘யூதர்களே வெளியேறுங்கள்.’ அவள் ஏற்கெனவே வகுப்புக்குப் போய்விட்டாள். நான் யோசிக்கவே இல்லை. வாளியும் துணியும் எடுத்துவந்து கை நோகத் தேய்த்து அழித்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் மதிலில் யாராவது அரசியல் சுலோகம் எழுதிவிட்டுப் போனால், ஆமி வருமுன் அம்மா சுண்ணாம்பு அடித்துவிடுவா. எழுதியவன் அகப்படமாட்டான், வீட்டுக்காரருக்குத்தான் அடி விழும். அந்தப் பழக்கம் என் கையில் இருந்தது.

மத்தியானம் அவளிடம் சொன்னேன். நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்த மடைச்சி நான்.

“யாரைக் கேட்டு அழித்தாய்?” என்றாள். அவளுடைய தபால் பெட்டிக்குள் இரண்டு முறை கேவலமான கடிதங்கள் வந்திருந்தன. விடுதி அலுவலகம் அதைப் பொடியன்களின் பகிடி என்று தள்ளிவிட்டதாம். “இப்போது காட்டக் கதவாவது இருந்திருக்கும். இனி யார் நம்புவார்கள்?” அறையைக் காலி செய்வதாகச் சொல்லிப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். எனக்கு வெட்கமாகவும் என் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

பொலிசில் சாட்சி சொல்லப் போவதாக அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“பிள்ளை, உன்ர ஜெர்மன் பாஸ்போர்ட் விண்ணப்பம் இப்பத்தான் உள்ளுக்குப் போயிருக்கு. பொலிசில பேர் பதிய வேண்டாம். எங்களுக்கேன் வீண் சோலி?”

“நான் கண்டனான், அப்பா. பேசாமல் இருக்க ஏலாது. போறன்.”

அவர் ஃபோனை வைத்துவிட்டார். எனக்கும் பயம்தான். ஆனாலும் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அழித்தது யார் என்று பொலிஸ்காரர் கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டபோது அம்மாவின் சுண்ணாம்பு வாளியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கதவில் கண்டதை ஒரு தாளில் அப்படியே கீறி, எழுதியிருந்ததையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் நீளமான பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

திரும்பி வந்தோம். அவள் விடுதி வாசலில் நின்று, “எழுதியவன் போகட்டும். நான் ஏன் போக வேண்டும்?” என்றாள்.

அன்று பின்னேரமே இருவருமாகப் பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை மறுபடி அலுமாரியில் அடுக்கினோம்.