முன் இருக்கையில் பாட்டரி

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பாட்டரி கம்பளி போர்த்திக்கொண்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. குளிர் பட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடுமாம். போன மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டபோது போர்வை எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் நின்ற மனிதர், இதற்கு மட்டும் கம்பளியைத் தேடி எடுத்து நாலாபக்கமும் செருகிவிட்டிருக்கிறார். கனடாவுக்கு வந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ விநோதம் பார்த்தாயிற்று. ஒரு பாட்டரி மேல் பொறாமைப்படுவேன் என்று மட்டும் நினைக்கவில்லை.

பாட்டரி, எங்கள் கயாக்குக்காக. ஒடுங்கலான பிளாஸ்டிக் படகு அது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். என் கணவர் சேகர் வாரமெல்லாம் தொழிற்சாலையில் மிஷின் முன் நிற்பவர். ஞாயிறு காலையில் தெருக்கோடி ஏரிக்கு மீன் பிடிக்கப் போவோம். முன்னால் நான், பின்னால் அவர். வீட்டில் 'ம்', 'சரி' என்று முடித்துக்கொள்பவர் அங்கே மட்டும் பேசுவார். என் முகம் தெரியாது என்பதாலோ என்னவோ. எங்களுக்குக் கலைந்துபோன பிள்ளையைப் பற்றி அவர் முதன்முதலாக வாய் திறந்தது அந்தத் தண்ணீர் மேல்தான். நான் திரும்பாமல், துடுப்புப் போட்டுக்கொண்டே அழுதேன்.

ஆரம்பத்தில் எனக்குத் துடுப்பே பிடிபடவில்லை. பின்னாலிருந்து சத்தம் வரட்டும் என்று நான் காத்திருப்பேன். நான் போடட்டும் என்று அவர் காத்திருப்பார். படகு நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்து வீட்டு டேவ் அதைப் பார்த்துவிட்டு, முன்னால் இருப்பவர்தான் முதலில் போட வேண்டும், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போடுவார் என்று சொல்லிக்கொடுத்தார். என் கை எங்கே பழகியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பத்தாவது முடித்ததிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் தறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறமாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். குறுக்கிழையை இழுத்துப்போகும் அப்பாவின் நாடாக்கட்டை ஓடி முட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பார்டருக்கான என் நாடாவை விடுவேன். முந்தினால் இழை கெட்டுவிடும். அப்படி எட்டு வருஷம் சத்தத்துக்குக் காத்திருந்த கையை முதலில் போடு என்றால் போடுமா? பழகுவதற்கு ஒரு கோடை முழுக்க ஆயிற்று.

இந்த வருஷம் பனி உருகியதும் அவர் கயாக்கின் பின்முனையில் ஒரு சின்ன மின்மோட்டாரைப் பொருத்தினார். அந்தப் பக்கம் கனத்துத் தாழ்ந்தது. அதற்கு ஈடுகட்ட என் இருக்கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பாட்டரியை வைத்துப் பட்டையால் இறுக்கினார்.

"அப்ப நானு?" என்றேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்? வூட்ல ரெஸ்ட் எடு."

டேவ் வேலியோரம் வந்து, இனிமேல் துடுப்பு வேலையே இல்லை, நீங்கள் அதிர்ஷ்டக்காரி என்றார். தாங்க்யூ என்றேன். அதன் பிறகு மூன்று ஞாயிறு, சேகர் மட்டும் படகைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துப்போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

நாலாவது ஞாயிறு பொறுக்கவில்லை. காலிங் கார்டு போட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"உன் எடத்துல பாட்டரியா? இங்க தறியில உன் எடத்துல ரேடியோ வெச்சிக்கினு இருக்கேம்மா."

எனக்குப் புரியவில்லை. "கோர்வைக்கு யாருப்பா கூட உக்கார்றது?"

"கோர்வை எங்க போடறேன்? நீ கல்யாணமாயி கெளம்பிப் போன மாசமே ஒத்த ஆளு நெய்யற சேலைக்கு மாறிட்டேன். நீ கேக்கல, நானும் சொல்லல."

ஆறு வருஷம். சாப்பிட்டீர்களா, மழை உண்டா, மாத்திரை போட்டீர்களா என்றெல்லாம் கேட்டவள் இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சேகர் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் எழுவதற்குள் இருக்கையை நானே எடுத்து மாட்டினேன். ஏரியில் படகு இறங்கியதும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பாட்டரியை இடது கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவர் தண்ணீரில் நின்றார்.

"எறங்கு. இத எங்க வெக்கறது?"

"உங்க காலாண்ட வைங்க. முன்னால கனந்தான வேணும்? நான் இருக்கேன்."

இடது கையாலேயே பாட்டரியைப் பின்பக்கம் இறக்கி வைத்தார். பிறகு ஏறினார்.

மோட்டாருக்குச் சத்தமே இல்லை. என் துடுப்பு ஈரம் படாமல் மடியில் கிடந்தது. பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதுகூடத் தெரியவில்லை. எதிர்க்கரையை நெருங்கும்போதுதான் குரல் வந்தது.

"வலது கை தூக்க வர்ல. நாலு மாசமாச்சி. கம்பெனில தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. அதான் மோட்டாரு."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"வூட்ல எப்டி சொல்றது?"

திரும்பினால் பேச்சு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். "சொல்லுங்க, கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்று தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னேன். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே காலை என்றால் காஞ்சிபுரத்தில் மாலை. நெசவாளர் வீட்டில் ஞாயிறுக்கு லீவு கிடையாது, அமாவாசைக்குத்தான். அப்பா இந்நேரம் தறியில் இருப்பார். அவருக்கும் தோள் வலிக்கும். சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்புவார். அங்கே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.