பங்குனிக் கடைசி வெள்ளியும் வாசலில் கட்டிய வேப்பிலையும்

வருங்காலம் சொன்ன மகான்களில் ஒருத்தராவது நேராகப் பேசியிருக்கிறார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு வயிற்றெரிச்சல். பிரெஞ்சு தேசத்தில் நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைத்தியர், கிண்ணத்துத் தண்ணீரை முறைத்துப் பார்த்து நாலு நாலு வரியாக எழுதித் தள்ளினாராம். இங்கிலாந்தில் ஒரு கோணமூக்குக் கிழவி குகையில் பிறந்து, பெரிய மனுஷர்களுக்கெல்லாம் கேடு சொன்னாளாம். அமெரிக்காக்காரர் ஒருத்தர் படுத்துத் தூங்கிக்கொண்டே சொல்வாராம். நானும் மத்தியானம் கடையில் சாக்குமூட்டை மேல் படுத்துத் தூக்கத்தில் ஏதேதோ சொல்வதாக என் சம்சாரம் சொல்லியிருக்கிறாள். ஒருத்தனும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

இவர்கள் சொன்னதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் விளங்கும். தீ என்பார்கள், எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. ராஜா விழுவான் என்பார்கள். எந்த ராஜா, சிம்மாசனத்திலிருந்தா, குதிரையிலிருந்தா? ம்ஹூம். இதற்கு எங்கள் பக்கத்துக் கோடாங்கி எவ்வளவோ தேவலை. உடுக்கை அடித்து, "தொலைஞ்ச மாடு தெக்க நிக்கி" என்று திசையாவது சொல்லுவார். போய்ப் பார்த்தால் மாடு இருக்காது. ஆனாலும் நடப்பதற்கு ஒரு திசை கிடைத்ததே!

இன்றைக்கு இத்தனை வியாக்கியானம் பண்ணுகிற நான்தான், யுத்தம் இந்தப் பக்கம் திரும்பிய அந்த வருஷம், ஒரு மலிவுப் பதிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கினேன். என் மச்சினன், சம்சாரத்தின் தம்பி, எங்கள் மதுரைப் புதுமண்டபத்துக் கடையில் வாங்கி வந்தது. உலகத்துத் தீர்க்கதரிசிகள் அத்தனை பேரையும் ஒரே அட்டைக்குள் அடைத்து, அவர்கள் சொல்லாமல் விட்டதை எல்லாம் பதிப்பித்த புண்ணியவானே சொல்லியிருந்தான். நாலு கோபுரமும் தண்ணீர் இல்லாத ஆறும் உள்ள ஊரில் வானத்திலிருந்து நெருப்பு விழுமாம். நாள், பங்குனிக் கடைசி வெள்ளி.

பிரெஞ்சுக்காரனுக்குப் பங்குனி எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயந்தவனுக்கு முதலில் கழன்று விழுவது புத்திதான். போதாக்குறைக்கு விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி அந்த வாரம்தான் வந்தது. மதராஸிலிருந்து வந்த ரயிலில் ஜனம் அம்மிக்கல்லோடு இறங்கிற்று.

அதே வெள்ளிக்கிழமைதான் திருமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என் மகளுக்குப் பூ வைக்க வருவதாக இருந்தார்கள். ஏற்கனவே ரெண்டு இடம் கூடி வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் என் சம்சாரம் என்னை என்ன செய்வாள் என்பதற்குத் தீர்க்கதரிசி தேவையில்லை.

ஆனாலும் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"பூ வைக்கிறத ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன?"

"எதுக்கு?"

"கீழக்குயில்குடிக்குப் போயிருவோம். சமணர் மலையில பாறையைக் குடைஞ்சு படுக்கை வெட்டி வச்சிருக்கான். குண்டு விழுந்தாலும் நமக்கு ஒண்ணும் ஆகாது."

"அவுக துணியே வேணாம்னு போய்ப் படுத்தவுக. நீங்க தலைகாணி இல்லாம ஒரு மத்தியானம் தூங்குவீகளா? வெள்ளிக்கெழம அவுக வாராக. குண்டும் வந்தா வரட்டும், ஒரு இலையச் சேத்துப் போட்டுருவோம்."

இப்படிப் பேசுகிறவளிடம் வாதாடுவதைவிட யுத்தத்துக்கே போகலாம். அதனால்தான் குறுக்குவழியில் இறங்கினேன். பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் அம்மை இறங்கும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். கட்டிவிட்டால் வீட்டில் விசேஷம் நடக்காது, விருந்தாள் வரமாட்டார், ஏன் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். இதைவிட நல்ல சாக்கு எந்த மகானுக்கும் தோன்றியிருக்காது.

வியாழக்கிழமை காலையில் சம்சாரம் பூச்சந்தைக்குப் போனதும், மச்சினனை விட்டு வாசலில் வேப்பிலை கட்டச் சொன்னேன். அப்படியே சைக்கிளில் திருமங்கலத்துக்கு விரட்டினேன்.

"மாப்ள, வீட்டுல அம்மை போட்டிருக்கு, இன்னொரு நாள் பாத்துக்கிருவோம்னு மட்டும் சொல்லிட்டு வா. வேற ஒரு வார்த்தை பேசிராத."

"சரி மச்சான்."

அவன் போனதும் மாட்டுவண்டிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வாசலைப் பார்த்தார், நாலு எட்டுப் பின்னால் போனார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"ஆத்தா எறங்குன வீட்டை விட்டுக் கெளம்புறதாவது? என்னண்ணே பேச்சு இது?"

"அவசரம்ப்பா."

"ஆத்தாவை விட அவசரமா? வீட்டுக்குள்ள போங்கண்ணே."

வண்டி திரும்பிவிட்டது. அப்போதுதான் உறைத்தது. ஊரை விட்டு ஓடுவதற்காகக் கட்டிய வேப்பிலை என்னை ஊருக்குள்ளேயே கட்டிப்போட்டுவிட்டது. பழங்காநத்தத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து வாசலில் மஞ்சத்தண்ணீர் தெளித்தார்கள். ஒரு புண்ணியவதி பானை நிறையக் கூழ் வைத்துவிட்டுப் போனாள்.

சந்தையிலிருந்து வந்த சம்சாரம் வாசலைப் பார்த்ததும் பூக்கூடையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. வேப்பிலையை அவிழ்க்கவும் முடியாது. கட்டியதை அன்றைக்கே அவிழ்த்தால் தெருவே கூடிவிடும். பலகாரத்துக்கு வாங்கி வைத்த எண்ணெயை மூடி வைத்தாள். அம்மை வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறக்கூடாதே.

பொழுது சாயும் வேளைக்கு மச்சினன் வந்து சேர்ந்தான்.

"சொல்லிட்டேன் மச்சான். யாருக்குன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"பொண்ணுக்குன்னு சொன்னேன்."

"அடப்பாவி! எனக்குன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"வேற ஒரு வார்த்தை பேசாதன்னீக. யாருக்குன்னு நீங்க சொல்லிவிடலையே மச்சான்."

கல்யாணம் பேசி வைத்த பெண்ணுக்கு அம்மை. முகத்தில் தழும்பு விழுமோ, கண் போகுமோ, உயிரே தங்காதோ என்று அங்கே என்னென்ன பேசுவார்கள்! சம்சாரம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுப்படியில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் திட்டாமல் இருந்ததை எங்கள் கல்யாணத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன். மகள், முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. எனக்கு இப்போது ரெண்டு பயம். குண்டு விழுந்துவிடுமோ என்று ஒன்று. விழாமல் போனால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொன்று.

வெயில் ஏறும் நேரத்தில் சம்பந்தியம்மா வந்தார்கள். தனியாக. தலைக்கு ஊற்றிய ஈரம் காயவில்லை. ஒரு கையில் வேப்பங்கொத்து, இன்னொரு கையில் இளநீர்.

"அண்ணே, பிள்ளைக்கு எப்படி இருக்கு? முகத்துல எறங்கியிருக்கா?"

நான் சம்சாரத்தைப் பார்த்தேன்.

"அவரையே கேளுங்க மதினி" என்றாள் அவள்.

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதிற்று. தினம் கேட்கிற சங்குதான். ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஜப்பான்காரன் ஊதியது மாதிரிக் கேட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது கட்டிலின் அடிப்பக்கம். சம்பந்தியம்மா கையிலிருந்த இளநீர் எப்படியோ என் நெஞ்சோடு இருந்தது.

"அப்பா, மில்லுச் சங்குப்பா! வெளிய வாங்கப்பா!"

மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து என் காலைப் பிடித்து இழுத்தாள். சம்பந்தியம்மா குனிந்து, என்னை விட்டுவிட்டு, அவள் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்கள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நெற்றி.

"ஒண்ணையும் காணோமே" என்றார்கள்.

கட்டிலுக்கு அடியில் இருந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிரெஞ்சு வைத்தியர், கிண்ணம், நாலு கோபுரம், குகைக் கிழவி, ஒன்று விடாமல். பொறுமையாகக் கேட்டார்கள்.

"அந்த வைத்தியன், நீங்க பொய்யா வேப்பிலை கட்டுவீகன்னு சொல்லியிருந்தானா?"

"இல்லம்மா."

"பெறகு அவன் என்னத்தச் சொன்னான்?"

நான் இளநீரைக் கட்டிலுக்கு வெளியே மெல்ல உருட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்கள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அங்க ஆளாளுக்கு வேற எடம் பாப்போம்னாக. எம் மகன், தழும்பு விழுந்தாலும் இந்தப் பிள்ளைதான்னுட்டான். எனக்கு மனசு ஆறல. நானே கண்ணால பாத்துட்டு வாரேன்னு வந்தேன்."

சம்சாரம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் உள்ளே போய்விட்டாள். நான் வெளியே வரலாமா என்று தலையை மட்டும் நீட்டினேன்.

"நீங்க இருங்கண்ணே. ஆத்தாவைக் கூப்புட்டுட்டுச் சும்மா அனுப்பக்கூடாது. இந்த வீட்டுல யாராச்சும் படுத்து எந்திரிச்சே ஆகணும்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள், மச்சினன் உட்பட.

ஒரு அம்மை முத்துகூட இல்லாத உடம்போடு வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். உப்பில்லாக் கூழ் குடித்தேன். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுப்பும் வரை தெருப் பெண்கள் முறைபோட்டு வந்து எனக்கு வேப்பிலை வீசினார்கள். வீசும்போது பாதிப் பேருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மச்சினன் வாய் சும்மா இருக்காதே. மதுரைக்கு அந்த வெள்ளிக்கிழமை வானத்திலிருந்து விழுந்தது காக்கா எச்சம் ஒன்றுதான். அதுவும் புத்தகத்தில் இல்லை.

சித்திரை பிறந்த பிறகு திருமங்கலத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சம்பந்தியம்மா என் மகள் தலையில் பூவை வைத்தார்கள். அடக்கி வாசிக்க வேண்டிய இடத்தில்தான் என் வாய் திறக்கும்.

"கல்யாணத்துக்கு நல்ல நாளாப் பாத்து..." என்று ஆரம்பித்தேன்.

"நாளை நாங்க பாத்துக்கிறோம்ணே" என்றார்கள், பூச்சரத்தைச் சரி செய்துகொண்டே. "அன்னைக்கு நீங்க கட்டிலுக்கு மேல இருந்தாப் போதும்."