வாறம் எண்டவை முப்பது பேர்: செயின்ட்-மிஷேலிலை இருந்து கஜன்ரை ஃபுட்போல் பாக்கப் போன சனிக்கிழமை

சரி, நீங்களே சொல்லுங்கோ, வர விருப்பமில்லாட்டி வரேல்லை எண்டு சொல்லுறதுக்கு என்ன? ஆர் கழுத்திலை கத்தி வைச்சது? தேர்த் திருவிழா அண்டைக்குக் கோயில் மண்டபத்திலை, நெத்தி நிறையத் திருநீறோடை, கையிலை அன்னதானச் சோத்தோடை, "ஓம், கட்டாயம் வாறம்" எண்டு சொன்னவை முப்பது பேர். போன சனிக்கிழமை செயின்ட்-மிஷேல் மெட்ரோ வாசலிலை வந்து நிண்டது என்னையும் சேர்த்து ஏழு பேர்.

இந்தப் பக்கத்திலை நான் வழக்கமாக் கோயில் பயணம்தான் எழுதுறனான். இந்தமுறை யூனிவேர்சிற்றிப் பெடியள் விளையாடுற ஃபுட்போல் பாக்கப் போன கதை. காலாலை உதைக்கிற பந்து இல்லை. இது கையிலை தூக்கிக்கொண்டு ஓடுற பந்து. தலைக்கு இரும்புச்சட்டி மாதிரி ஒரு தொப்பி, தோளுக்குத் தலகாணி மாதிரி ஒண்டு, ஆளை ஆள் இடிச்சு விழுத்துறது. உங்கடை வீட்டுப் பெடியளும் விளையாடக்கூடும், நீங்களும் போக நினைக்கக்கூடும், உதவட்டும் எண்டு எழுதுறன். கோவம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

கஜன் என்ரை தம்பி சிவத்தின்ரை மகன். மலைப்பக்கம் இருக்கிற யூனிவேர்சிற்றி ஒண்டிலை கடைசி வருஷம். பேர் சொல்லமாட்டன், பெடியனுக்குக் கரைச்சல். நாலு வருஷமா அந்த டீமிலை விளையாடுறான். சிவத்துக்கு அந்த விளையாட்டைக் கண்ணிலை காட்டக்கூடாது. "முழங்காலை உடைச்சுக்கொண்டு வந்து படுத்தால் ஆர் பாக்கிறது?" எண்டு நாலு வருஷமா ஒரே பாட்டு. இந்தமுறை தெரிஞ்ச ஒராளின்ரை ஃபார்மசியிலை சனிக்கிழமை வேலை ஒண்டும் அவனுக்குப் பிடிச்சு வைச்சிட்டான். பெடியன் அழாக்குறையா, "அப்பா, சனம் நிரம்பி வழியும், ஒருக்கா வந்து பாருங்கோ" எண்டு கேட்டிருக்கிறான். சிவம் சொன்னது இதுதான்: "ஒருக்கா வாறன். நீ சொல்லுற மாதிரிச் சனம் இருந்தால் விளையாடு. இல்லாட்டித் திங்கட்கிழமை டீம் உடுப்பைத் திருப்பிக் குடுத்திட்டு வேலைக்குப் போ."

பெடியன் எனக்கு ஃபோன் எடுத்து, "மாமி, எப்பிடியாவது ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டான். அப்பதான் நான் கோயிலிலை ஒவ்வொருத்தராக் கேட்டனான். விஷயத்தை ஒளிக்கேல்லை, பெடியன்ரை விளையாட்டு இதிலைதான் தொங்குது எண்டு சொல்லித்தான் கேட்டனான். எங்கடை தெருவிலை பாலா அண்ணை எண்டு ஒருத்தர் இருக்கிறார். அவர்தான் முதல் ஆள். "தங்கச்சி, இந்த முறை கப் எங்கடை பெடியன்ரை டீமுக்குத்தான், எழுதி வை" எண்டார். ஓகஸ்ட் மாசம் முழுக்க மனிசன்ரை வாயிலை கப்தான். டீமின்ரை நிறத்திலை ஒரு தொப்பியும் வாங்கிப் போட்டுக்கொண்டு மரக்கறிக் கடைக்குப் போனவர்.

முதல் விளையாட்டு வெளியூரிலை நடந்தது. டீம் நல்லா வாங்கிக் கட்டிச்சுது. அடுத்த நாளே தொப்பியைக் காணேல்லை. பிறகு ஒவ்வொரு ஃபோனா வருது. ஒராளுக்கு மகளின்ரை பிறந்தநாள், ஒராளுக்கு நாரி நோ, குனிய ஏலாதாம், பாலா அண்ணைக்கு மழை. "மழை எண்டு போட்டிருக்குத் தங்கச்சி." மனிசன் பனியிலை நிண்டு மாட்டு லொறி இறக்கின ஆள், இப்ப மழைக்குக் கரையப்போறாராம்! நான் கேக்கிறன், போன வெள்ளிக்கிழமை கேட்டதைச் சாமி தரேல்லை எண்டால் இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் விடுறியளோ?

சரி, பயணத்துக்கு வாறன். விளையாட்டு ஒரு மணிக்கு. பிள்ளையாருக்கு மூண்டு தேங்காய் உடைச்சிட்டு, பதினொரு மணிக்கு மெட்ரோ வாசலுக்கு வந்தம். சிவம், என்ரை சிநேகிதி பவளக்கா, கோயில் ஆக்கள் நாலு பேர், நான். ஒரு ரிக்கெற் மூண்டே முக்கால் டொலர். மெட்ரோவின்ரை நீலக் கோட்டு ரயிலிலை ஏறினால் மாறத் தேவையில்லை, இருவது நிமிசம்தான். இறங்கிப் பத்து நிமிசம் ஏத்தத்திலை நடக்கவேணும். முழங்கால் நோ உள்ள ஆக்கள் இருந்து இருந்து வாங்கோ. "சுணங்கினால் இடம் கிடையாது, கெதியா நடவுங்கோ" எண்டு நான்தான் எல்லாரையும் கலைச்சுக்கொண்டு போனனான். நிரம்பி வழியும் எண்டு கஜன் சொன்னதை நானும் நம்பித்தானே இருந்தனான்.

வாசலிலை ரிக்கெற் பதினைஞ்சு டொலர், அங்கையே எடுக்கலாம். ஆனால் ஒரு காவல்காரன் நிண்டு பையைத் திறந்து பாக்கிறான். "பொன்ஜூர் மடாம்" எண்டு சிரிச்சுக்கொண்டுதான் கேட்டான். என்ரை பைக்குள்ளை முப்பது பேருக்கெண்டு பொரிச்ச அறுபது ரோல்ஸ். சாப்பாடு உள்ளுக்கை கொண்டு போக ஏலாதாம். "கோயிலிலை நாங்கள் போற வாற எல்லாருக்கும் சாப்பாடு குடுக்கிற ஆக்கள், இஞ்சை எங்கடை சாப்பாட்டை நாங்கள் தின்னக்கூடாதோ?" எண்டு தமிழிலையே ஏசினன்.

பவளக்கா என்ரை காதுக்குள்ளை, "ஒண்டைக் கையிலை குடும். மணந்து பாத்தால் விடுவான்" எண்டா.

இரண்டு குடுத்தன். சாப்பிட்டான். "மெர்சி" எண்டு சொன்னான். ஆனால் விடேல்லை.

வாசலிலை நிண்டு நாங்களும் திண்டு, மிச்சத்தைத் தெருவிலை போற வாற சனத்துக்கும் குடுத்து முடிச்சிட்டுத்தான் உள்ளுக்கை போனம். உள்ளுக்கை ஒரு ஹொட் டோக் ஏழு டொலர். எந்த ஊர் நியாயம்?

உள்ளுக்கை போய் நிமிந்து பாத்தால், முருகா! தகரக் கதிரையள் மழைத் துமியிலை மினுங்குது. மனிசரைக் காணேல்லை. அங்கை இரண்டு பேர், இஞ்சை மூண்டு பேர், காக்காய்க்குச் சோறு எறிஞ்ச மாதிரி. சிவம் நடுவிலை ஒரு இடத்திலை இருந்து கையைக் கட்டினான்.

"அக்கா, எங்கை சனம்?"

"வருவினம் தம்பி. இப்பதானே பன்ரண்டரை."

பாட்டுப் போட்டு, கொடிக்கு எழும்பி நிண்டு, விளையாட்டும் துவங்கீட்டுது. திரும்பவும் என்னைப் பாத்தான். நான் திரும்பவும், "வருவினம்" எண்டன்.

"எங்கடை சனம் எண்டால் பிந்தி வரும்" எண்டா பவளக்கா. "வெள்ளைக்காரர் பிந்தினால் வரமாட்டினம்."

எங்களுக்கு முன்னாலை கழுத்திலை டீமின்ரை சால்வை கட்டின பிள்ளை ஒண்டு தனிய இருந்தது. கோயம்புத்தூராம், மாஸ்டர்ஸ் படிக்குதாம். தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பிச் சிரிச்சுது. "ஆகஸ்ட்ல எல்லாரும் நாங்கதான் சாம்பியன்னு போஸ்ட் போட்டாங்க ஆன்ட்டி. போன வாரம் தோத்ததும் ஒருத்தரையும் காணோம்" எண்டுது. அப்ப வெக்கம் கெட்டது எங்கடை ஆக்கள் மட்டும் இல்லை. ஆறுதலாத்தான் இருந்தது, கோவம் குறையேல்லை.

கஜன் அறுபத்து நாலாம் நம்பர். சிவம் அரைமணித்தியாலம் பாத்திட்டு அந்தப் பிள்ளையைக் கேட்டான், "பிள்ளை, இவனிட்டைப் பந்து எப்ப வரும்?"

"வராது அங்கிள். அவர் பந்தத் தொடவே மாட்டாரு. பந்த எறியறவர ஆரும் நெருங்காம தடுக்கறதுதான் அவர் வேலை."

சிவம் என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே! "நாலு வருஷமா பந்தைத் தொடாத பந்து விளையாட்டோ அக்கா?"

எனக்கு விட ஏலுமே? "தேர்ச் சில்லுக்குக் கட்டை போடுறவனை ஆர் பாக்கிறது? அவன் ஒருக்கா விட்டால் தேர் ஆரிலை ஏறும்?" எண்டன்.

"தேரிலையாவது சனம் நிக்கும் அக்கா. இஞ்சை கதிரையள்தான் விளையாட்டுப் பாக்குது. திங்கட்கிழமை இவன் உடுப்பைக் குடுக்கட்டும்."

கீழை பெடியன் தண்ணி குடிக்கப் போகேக்கை எல்லாம் மேலை பாக்கிறான், தேப்பன்ரை முகத்தை. நான் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டு இருந்தன்.

பாதி விளையாட்டு முடிஞ்ச இடைவேளையிலை என்ரை ஃபோன் அடிக்குது. பாலா அண்ணை. எனக்குக் காது மட்டம், எப்பவும் ஸ்பீக்கரிலைதான் போடுறனான். "தங்கச்சி, நான் வீட்டிலை இருந்து ஃபோனிலை விளையாட்டு வீடியோ பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். என்ன, கதிரையள்தான் விளையாட்டுப் பாக்குது போல? ஹா ஹா! சிவம் பாவம், மழையிலை வந்து வெறும் கதிரையளைப் பாத்துக்கொண்டு இருக்கிறான்."

கொஞ்சம் முன்னம் சிவம் தன்ரை வாயாலை சொன்ன அதே கதைதான். ஆனால் பாலா அண்ணையின்ரை வாயாலை வந்தாப் பிறகு சிவத்தின்ரை முகம் கறுத்துப்போச்சு. ஃபோனைப் பறிச்சு நிப்பாட்டிப்போட்டு அந்தப் பிள்ளையைக் கேட்டான், "இந்த வீடியோக் கமரா எங்கை பிள்ளை இருக்கு?"

"நமக்குப் பின்னாடி, மேல அங்கிள்."

"அப்ப அங்காலைப் பக்கம்தான் தெரியுது. எழும்புங்கோ எல்லாரும்!"

எங்கடை கலியாண ஹோலிலை நடக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே. சனம் குறைஞ்சால் வீடியோக்காரன் எல்லாரையும் முன்னுக்குக் கூப்பிட்டு நெருக்கி இருத்துவான், பின்கதிரையளை மடிச்சு எடுத்துப்போடுவாங்கள், பொம்பிளை வீட்டுக்காரற்றை மனம் நோகாது. அதைத்தான் சிவம் செய்தான். மைதானத்தைச் சுத்தி நடந்து அங்காலைப் பக்கம் போய், கமராவுக்கு நேரை முன்வரிசையிலை எங்களை ஒட்டி ஒட்டி இருத்தினான். கோயம்புத்தூர்ப் பிள்ளை சிநேகிதப் பிள்ளையளையும் ஃபோன் எடுத்துக் கூப்பிட்டுது. அங்கை ஒரு வெள்ளைக்காரத் தாயும் தேப்பனும் குளிருக்குப் போர்த்துக்கொண்டு தனிய இருந்தவை. "வெனே, வெனே" எண்டு பிரெஞ்சிலை கூப்பிட்டு அவையையும் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்திலை இருத்தினான். அதுகளும் சிரிச்சுக்கொண்டு வந்துதுகள்.

பிறகு என்ன! கையைக் கட்டிக்கொண்டு இருந்த மனிசன் எழும்பி நிண்டு கத்துறான். "கஜன், விடாதை! தள்ளடா! விழுத்தடா அவனை!" எனக்குப் பக்கத்திலை இருந்த வெள்ளைக்கார அம்மா என்ன விளங்கிச்சுதோ, அதுவும் கை தட்டுது. கஜன் ஒருக்கா எங்களைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டிட்டான். பிறகு முன்னாலை நிண்ட பெடியனை இடிச்சானே ஒரு இடி, கர்ப்பூரம் கொளுத்தவேணும் போல இருந்தது. பாலா அண்ணையிட்டை இருந்து மெசேஜ் வருது: "இப்ப கொஞ்சம் சனம் வந்திட்டுது போல." சிவம் வாசிச்சிட்டு, "பதில் போடாதை அக்கா, கிடந்து பாக்கட்டும்" எண்டான்.

முடிஞ்சாப் பிறகு கஜன் தொப்பியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வேலிக்கரைக்கு ஓடி வந்தான். உடம்பு முழுக்கச் சேறு.

"அப்பா, ஏன் இந்தப் பக்கம் வந்தனீங்கள்? இது அவங்கடை பக்கம். எதிர் டீமின்ரை ஆக்கள் இருக்கிற இடம்!"

எங்களுக்கு என்ன தெரியும்? கதிரையிலை பேரே எழுதிக் கிடக்கு? அப்பதான் விளங்கிச்சுது, அந்தத் தாயும் தேப்பனும் கெபெக் சிற்றியிலை இருந்து இரண்டரை மணித்தியாலம் கார் ஓடி வந்தவை. கஜன் இடிச்சு இடிச்சு விழுத்தின பெடியன் அவையின்ரை மகன். சிவம் "விழுத்தடா அவனை" எண்டு கத்தக் கத்தக் கை தட்டினது அவனைப் பெத்த தாய்! சிவம் வெக்கப்பட்டு இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டான். மனிசி அவன்ரை தோளிலை தட்டிச் சிரிச்சுது. அவையைப் பாருங்கோ, இரண்டரை மணித்தியாலம். எங்கடை ஆக்களுக்கு நீலக் கோட்டிலை இருவது நிமிசம் தூரமாப் போச்சு.

கஜன் நிலத்தைப் பாத்துக்கொண்டு, "சனம் வரேல்லை அப்பா, எனக்குத் தெரியும். திங்கட்கிழமை உடுப்பைக் குடுக்கிறன்" எண்டான்.

சிவத்துக்குக் கத்திக் கத்திக் குரல் அடைச்சுப்போச்சு. "சனம் வராட்டி அது சனத்தின்ரை பிழை. நீ ஏன் உடுப்பைக் குடுக்கிறாய்? ஃபார்மசிக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். அடுத்த முறை எந்தப் பக்கம் இருக்கிறதெண்டு முதலே சொல்லு."

பெடியன் சேத்துக் கையாலை முகத்தைத் துடைச்சான். நான் பாக்காத மாதிரி நிண்டன்.

போக நினைக்கிற ஆக்களுக்கு: தகரக் கதிரை குளிரும், இருக்க ஒரு குஷன் கொண்டு போங்கோ. குடை பின்னாலை இருக்கிறவைக்கு மறைக்கும், மழைக்கோட்டுத்தான் நல்லது. சாப்பாட்டை வீட்டிலையே முடிச்சிட்டுப் போங்கோ. எங்கடை டீம் எந்தப் பக்கம் எண்டு வாசலிலை கேட்டிட்டு இருங்கோ. சிதறி இருக்காமல் நெருக்கி இருங்கோ, கீழை நிக்கிற பிள்ளைக்கு அப்பதான் தெரியும்.

இதே மைதானத்திலை அடுத்த விளையாட்டு இரண்டு கிழமையாலை, சனிக்கிழமை ஒரு மணிக்கு. பாலா அண்ணை நேற்றும் ஃபோன் எடுத்து, "இந்த முறை கட்டாயம் வாறன் தங்கச்சி" எண்டார். மெட்ரோ வாசலிலை உங்கடை முகத்தைக் கண்டாப் பிறகு கதைக்கிறன் அண்ணை எண்டு வைச்சிட்டன். ஓகஸ்டிலை கப் கப் எண்டு கத்த ஆருக்கும் ஏலும். மழைக்குள்ளை வந்து தகரக் கதிரையிலை இருக்கிறதுதான் ஆதரவு, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

அட, எழுதி முடிச்சாப் பிறகுதான் ஞாபகம் வருது. அண்டைக்கும் நாங்கள் தோத்துத்தான் போனனாங்கள்.