அம்மா பார்த்த நட்சத்திரம்

விளக்கு வைக்கும் நேரத்தில் மொட்டைமாடியில் காயும் வடகத்தை எடுத்து வருவது என் வேலை. பொழுது சாய்ந்தால் அம்மா மாடிப்படி ஏறமாட்டாள். அது சண்டைக் காலம். ஆரப்பாளையத்தில் தெருவிளக்குகளுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். வானம் மட்டும் யாருக்கும் பயப்படாமல் ஜொலித்தது. வடகத்தை மறந்து அங்கேயே நின்றுவிடுவேன்.

வடக்கே, அழகர்மலைப் பக்கம் ஒரு நட்சத்திரம். வழக்கமாகப் பளிச்சென்றிருக்கும். சில சாயங்காலங்களில், பக்கத்திலிருக்கும் பொடி நட்சத்திரத்துக்குச் சமமாக மங்கிக் கிடக்கும். மறுநாள் பழையபடி ஆகிவிடும். இதையெல்லாம் அடுப்படியில் அம்மாவிடம் தினமும் ஒப்பித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

அப்பா சோழவந்தான் வெற்றிலை வியாபாரி.

"நட்சத்திரமாவது மங்குறதாவது! கழுதைக்கு மாலைக்கண்ணு வந்திருக்கு. எல்லாம் படிச்சுப் படிச்சு வந்த வினை. மாசி பொறந்ததும் பள்ளியோடத்த நிப்பாட்டிரு" என்றார்.

மாலைக்கண் வந்தால் இருட்டியதும் கண் தெரியாது. அன்றிலிருந்து எனக்கு முருங்கைக்கீரையும் சுட்ட ஆட்டு ஈரலும்தான். ஐயோ, அந்த ஈரல்! இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவாள். தான் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டதில்லை. பள்ளிக்கூடம் போய்விடுமே என்று நான் அழுததை, ஈரலுக்காக அழுவதாக நினைத்தார்கள்.

நட்சத்திரம் மறுபடி மங்கிய சாயங்காலம் அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்.

"எனக்கு எப்பவும் போலத்தேன் தெரியுது" என்றார். அதற்குமுன் அவர் அண்ணாந்து பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

ஓடிப்போய் அம்மாவை இழுத்து வந்தேன். என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மேலே வந்து திருப்பரங்குன்றத்துப் பக்கம் பார்த்து நின்றவளை, மோவாயைப் பிடித்து வடக்கே திருப்பினேன். அப்படியே அண்ணாந்தாள்.

"புள்ள சொல்றது நெசந்தேன். நேத்து முத்தத்துல நின்னு பாத்தேன், அம்புட்டு வெளிச்சமா இருந்துச்சு. இன்னிக்கு அதுவும் பக்கத்துல இருக்க பொடியும் ஒண்ணாக் கெடக்கு. அவ கண்ணுக்கு ஒண்ணுமில்ல. பள்ளியோடம் போகட்டும்."

அரிசியில் கல் பொறுக்குவதில் அம்மாவின் கண்ணை மிஞ்ச ஆளில்லை. அப்பா சரியென்று தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினார்.

படித்தேன், டீச்சரானேன். அங்கே இருப்பவை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் என்றும், மங்கலானது முன்னால் வந்து மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறைகிறது என்றும் தெரிந்துகொண்டேன். பிறகொரு நாள் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எத்தனை காலமாக இப்படி என்று அவர் கேட்டார்.

"வெவரம் தெரிஞ்ச நாள்லருந்தே பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா" என்றாள், வெகு சாதாரணமாக.

அன்று மாடியில் அவள் ஒரு நட்சத்திரத்தையும் பார்த்திருக்க முடியாது. அடுப்படியில் நான் ஒப்பித்ததைத்தான் அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். என் பிழைப்பே அந்தப் பொய்யில் நிற்கிறது. அவள் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு. அந்த ஈரல் யார் சாப்பிட்டிருக்க வேண்டியது என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.