அம்மாளாச்சி அடைத்த வாய்

அம்மாளாச்சியின் பிள்ளைகளே, இதை அமைதியாக எழுதத்தான் பார்த்தேன். வரவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் என் மகள் ஆரணி அழுத அழுகையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கரப்பந்து, அதுதான் வொலிபோல், என்றால் அவளுக்கு உயிர். அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடம் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருடம். அவள் சேர ஆசைப்பட்ட கல்லூரி அணியின் கோச் ஒரு மட்ச் பார்க்க வந்து, "எனக்கு எழுதுங்கள்" என்று தன் கார்ட்டை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

அங்கேதான் பிழை விட்டேன். நான் இந்தப் பிரெஞ்சு பேசுகிற ஊரில், பார்க் எக்ஸ்டென்ஷனில், சின்னப்பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற கார்டெரி ஒன்றில் சமைக்கிறவள். என் பிரெஞ்சு போன்ஜூர், மெர்சியோடு முடிந்துவிடும். பிள்ளை நேரே பெரியவர்களுக்கு எழுதுவது மரியாதையில்லை என்றும் நினைத்தேன். கார்ட்டைக் கோயிலுக்கு வருகிற ஒரு அண்ணையிடம் கொடுத்தேன். அவர் பெயரை எழுத மாட்டேன், என் பேனை நாறும். கர்க்லாண்டில் பெரிய வீடு, நல்ல பிரெஞ்சு, கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். அவருடைய மகள் துளசியும் பள்ளிக்கூடத்தில் ஆரணியின் அணி, அதே இடம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும் தங்கச்சி. நான் கோச்சோட கதைக்கிறன். பிள்ளையை எழுத விடாதையும், அவைக்குப் பிடிக்காது" என்றார்.

மூன்று கிழமை காத்திருந்தோம். தெரிவுப் போட்டிக்குத் துளசிக்கு அழைப்பு வந்தது. ஆரணிக்கு இல்லை. அண்ணையைக் கேட்டேன். "நான் எழுதினனான்தானே. அவைக்கு விருப்பமில்லைப் போல" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆரணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விளையாட்டுச் சப்பாத்தைத் தூக்கிக் குப்பைக்குள் போட்டாள். நான் எடுத்து ஒளித்து வைத்தேன்.

எங்கள் சுவர் அலமாரிக்குள்தான் அம்மன் படம் இருக்கிறது. விளக்குக்கூடக் கொளுத்தாமல் போய் நின்றேன்.

"அம்மாளாச்சி, அந்தாளின்ரை வாயை அடை. நாலு பேருக்கு முன்னாலை அடை. அவரின்ரை மகள் விளையாடேக்கை தடக்கி விழவேணும். பதினொரு தேங்காய் அடிப்பன்."

இப்படியும் கேட்கலாமா என்பீர்கள். என் வயிறு எரிந்தது. கேட்டேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் கதவைத் தட்டியது யார்? துளசி! குளிர் ஜாக்கெட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"அன்ரி, ஆரணிக்கு முழங்கால் ஒப்பரேஷன், இந்த வருஷம் விளையாட மாட்டா எண்டு அப்பா கோச்சுக்கு எழுதியிருக்கிறார். நான் கண்டனான்." கோச்சின் ஈமெயில் விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "அவளையே எழுதச் சொல்லுங்கோ. பிள்ளையள் தாங்களே எழுதினாத்தான் கோச்சுக்குப் பிடிக்கும்."

துண்டை என் கைக்குள் வைத்து அழுத்தினாள். இந்தப் பிள்ளை விழவேண்டும் என்றுதானே நான் கேட்டேன்? அவள் படியிறங்கிய கையோடு அலமாரிக்கு ஓடினேன்.

"அம்மாளாச்சி, பிள்ளைக்குச் சொன்னதைத் திருப்பி எடு. தேப்பனுக்குச் சொன்னதை வைச்சிரு!"

ஆரணி தானே பிரெஞ்சில் எழுதினாள். நாலே வரி, ஒரு வீடியோ. நான் சோறு வடிக்கமுன்பே பதில் வந்துவிட்டது. முழங்கால் சுகமென்றால் சனிக்கிழமை தெரிவுப் போட்டிக்கு வரட்டுமாம். ஒளித்து வைத்த சப்பாத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அண்ணை முன்வரிசையில் காலுக்குமேல் கால் போட்டு இருந்தார். எங்களைக் கண்டதும் கால் கீழே இறங்கியது. இடைவேளையில் கோச் நேரே அவரிடம் வந்து, எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் ஆரணியைக் காட்டி, "இவளுக்குத்தானே ஒப்பரேஷன் என்று எழுதினீர்கள்?" என்று கேட்டார். ஒப்பரேஷன் என்ற சொல்லும் நீட்டிய விரலும் என்னுடைய பிரெஞ்சுக்கே விளங்கின. மைக்கை விடாத மனிதர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மூடினார். நான் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ஆனால் துளசி எம்பும்போதெல்லாம் நானும் கதிரையை விட்டு எழும்பினேன். திருப்பி எடுக்கச் சொன்னது அம்மனுக்குக் கேட்டதோ, கேட்கவில்லையோ? ஒருமுறை அவள் தடுமாறினாள். "ஐயோ அம்மாளாச்சி!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. பிள்ளை விழவில்லை. ஆரணி முதலாவதாகவும், துளசி அவளுக்கு அடுத்தவளாகவும் அணிக்குள் வந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பதினொரு தேங்காயையும் அடித்தேன். "என்ன நேர்த்தி பிள்ளை?" என்று ஐயர் கேட்டார். "ஒரு வாய் அடைபட்டதுக்கு, ஐயா" என்று வாசல்வரை கேட்கச் சொன்னேன். வாசலில் நின்ற அண்ணை குனிந்து சப்பாத்துத் தேடினார். துளசியும் ஆரணியும் சிரித்துச் சிரித்துச் சிதறிய தேங்காய்ச் சொட்டுப் பொறுக்கினார்கள்.

இப்போது நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். எனக்காகக் கதைக்கச் சொல்லி எவரிடமும் போய் நிற்பதில்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகளைத் தாங்களே எழுத விடுங்கள். பிறகு அம்மாளாச்சியிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள். தாய்தானே, எதைக் கொடுப்பது, எதைக் கொடாமல் விடுவது என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணையை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். அம்மாளாச்சி இன்னும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அவள் கேட்கட்டும், அப்போது யோசிக்கிறேன்.